வாய் நிறைய ஆத்தூர் வெற்றிலை

"மேடம், இன்னொரு குரல் இருக்கு."

நந்தினி ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இப்படிச் சொன்னபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் வெயில் அப்போதும் இறங்கவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி நாள் அது. இரண்டு மாதமாகக் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் புதுப் பெயின்ட் பூசிக்கொண்டு வரிசையாக நின்றன. ஒரு பக்கம் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பெயின்ட்டும் டீசலும் கருவாடும் கலந்த அந்த வாசனையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு நான் ரொம்ப சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

ஏன் சந்தோஷமாக இருக்க மாட்டேன்? அறுபது வயதில் முதல் படம் இயக்குகிறேன், அதுவும் பிறந்த ஊரில். மூன்று நாளாக நான் "ஆக்‌ஷன்" என்றால் எல்லோரும் நடிக்கிறார்கள், "கட்" என்றால் நிறுத்துகிறார்கள். நாற்பது வருஷம் அடுத்தவர்கள் சொல்லச் சொல்ல நடித்தவளுக்கு இது சாமானிய சுகமா?

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பெண் வந்து நிற்கிறாள். நந்தினி எங்கள் ஒலிப்பதிவாளர். சென்னைக்காரி. முப்பது வயது இருக்கும். அனாவசியமாக ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

"எந்தக் குரல்?" என்றேன்.

"தெரியல மேடம். லூர்தம்மா பேசும்போது மட்டும் அடியில மெதுவா கேக்குது. அவங்க பேசுற வசனத்தையேதான் பேசுது. ஆனா அவங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே பேசிடுது."

"எத்தனை ஷாட்ல?"

"எல்லாத்துலயும்."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். "மூணு நாளா எடுத்திருக்கோம், இப்பதான் சொல்லுதியா?" என்று பாய்ந்தேன். அவள் அசரவில்லை. முதல் இரண்டு நாளும் எதிரொலி என்று நினைத்தாளாம். இன்று மதியம் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக் கேட்டபோதுதான், எதிரொலி முன்னால் வராதே என்று உறைத்ததாம். நியாயம்தான். ஆனால் கோபப்படும்போது நியாயம் எல்லாம் யாருக்கு வேண்டும்?

பேய்க்கு வசனம் மனப்பாடம்

படத்தின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். தடைக்காலத்தில் வீட்டோடு கிடக்கும் ஒரு மீனவருக்கும் அவர் மனைவிக்கும் இரண்டு மாதமாகச் சண்டை. கடைசி வாரம் அவள் அடுப்பே பற்ற வைக்காமல் இருந்துவிடுகிறாள். தடை முடிந்து அவர் கடலுக்குக் கிளம்பும் விடியற்காலையில் கரைக்கு வந்து வழியனுப்புகிறாள். அவ்வளவுதான் படம்.

அந்த மனைவியாக நடித்தவள்தான் லூர்து. எங்கள் தெருக்காரி, என் வயதுக்காரி. கூடையில் மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவள். அதற்கு முன் கேமரா முன்னால் நின்றதே கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாது. வசனத்தை நான் வாசிப்பேன், அவள் காதால் கேட்டே பிடித்துக்கொள்வாள். கணவராக நடித்தவர் அந்தோணி அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் எங்கள் கோயில் திருவிழா நாடகங்களில் நிரந்தர ராஜா.

தயாரிப்பாளர், புதுக்கோட்டை அண்ணாச்சி. பெரிய புதுக்கோட்டை இல்லை. திருநெல்வேலி ரோட்டில் எங்கள் ஊரை ஒட்டி இருக்கிற புதுக்கோட்டை. இரும்புக்கடை வைத்திருக்கிறார். படம் எடுக்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. நல்ல மனிதர்.

இந்த இன்னொரு குரலைக் கேட்டு முதலில் பயந்தவரும் அவர்தான். "டைரக்டரம்மா, ஆவி கீவியா இருக்குமோ? கடக்கர பாத்தியளா, எத்தனையோ பேரு போன எடம்."

"ஆவியா இருந்தா அது வசனத்தை மனப்பாடம் பண்ணியிருக்கு அண்ணாச்சி. நம்ம ஆளுகளை விட நல்லாவே பண்ணியிருக்கு."

தேடுதல் தொடங்கியது. டீக்கடையில் பாட்டுப் பெட்டியை நிறுத்தச் சொன்னோம். கோயில் மைக்கில் ஏதோ சோதனை நடந்துகொண்டிருந்தது, ஆள் அனுப்பி அதையும் நிறுத்தினோம். எல்லோருடைய செல்போனையும் வாங்கி ஒரு மீன் பெட்டிக்குள் போட்டு மூடினோம். ஐஸ் உடைக்கிற இடத்துக்கு அண்ணாச்சியே நேரில் போய், "எய்யா, ஒரு அஞ்சு நிமிசம் கம்முனு இருங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். துறைமுகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மறுபடியும் எடுத்தோம்.

நந்தினி தலையை ஆட்டினாள். "இப்பவும் இருக்கு மேடம். இப்பதான் இன்னும் தெளிவா இருக்கு."

லூர்து கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏளா செசிலி, என்னத்தத் தேடுதிய எல்லாரும்?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "அது நீதாம்ளா."

"நானா?"

"நீ எடுத்துக் குடுக்கே, நான் சொல்லுதேன். மூணு நாளா அப்படித்தான நடக்கு. நாடகம்னா அப்படித்தான?"

நந்தினி ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். லூர்துவின் கரகரத்த குரல் கேட்டது. அதற்கு அடியில், ஒரு வார்த்தை முன்னால், கிசுகிசுவென்று என் குரல்.

திரைக்குப் பின்னால் ஏழு வருஷம்

இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்று சொன்னால்தான் என் மேல் உங்களுக்கு இரக்கம் வரும்.

எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் கடைசி நாள் நாடகம் உண்டு. கடலுக்குப் போய்வருகிற ஆட்கள்தான் நடிகர்கள். ராஜா, மந்திரி, ராணி, தோழி எல்லோரும் ஆண்பிள்ளைகள். பொம்பளைப் பிள்ளை மேடையேறினால் கடலே வற்றிப்போகும் என்கிற மாதிரி ஒரு கட்டுப்பாடு. ஆனால் நடிக்கிற ஆட்களில் பாதிப் பேருக்கு வசனம் தலையில் நிற்காது. கரையிலேயே இருந்தால்தானே ஒத்திகைக்கு வருவார்கள்? அதனால் திரைக்குப் பின்னால் ஒருவர் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் மெதுவாகச் சொல்ல, மேடையில் இருப்பவர் உரக்கச் சொல்வார்.

எங்கள் தெருவில் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்தவள் நான்தான். திரைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம் என்பதால் அதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பன்னிரண்டு வயதில் நோட்டைக் கையில் வாங்கினேன். ஏழு வருஷம் கீழே வைக்கவில்லை. ராஜாவுக்கும் நான்தான், ராணிக்கும் நான்தான், சேவகனுக்கும் நான்தான். ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு வரி பேசினாலும் என் உதடு அசையாமல் அவர் வாயிலிருந்து அது வராது.

லூர்து அப்போதும் என் கூடத்தான். பக்கத்தில் உட்கார்ந்து விசிறி வீசுவாள். எழுத்து தெரியாதே தவிர, கேட்டுக் கேட்டு முழு நாடகமும் அவளுக்குப் பாடம்.

எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது ஒரு வருஷம், ராணி வேஷம் கட்டுகிற சவரிமுத்து மாமாவின் போட்டில் நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனது. வேறு போட்டில் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள், ஆனால் நாடகத்துக்கு வந்து சேர மாட்டார் என்று தகவல் வந்தது. ஜனங்கள் பாய் விரித்து உட்கார்ந்தாயிற்று. ராணி இல்லை. ராணிக்கு வருஷா வருஷம் வசனம் எடுத்துக் கொடுத்தவள் நான். நாடக வாத்தியார் பங்குச்சாமியாரைப் பார்த்தார். சாமியார் தரையைப் பார்த்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு என் தலையில் கிரீடத்தை வைத்துவிட்டார்கள்.

ஒரு மணி நேரம் பிரமாதமாகப் போனது. ராஜா போருக்குக் கிளம்புகிற கட்டம் வந்தது. ராஜா அந்தோணி அண்ணன், "தேவி, விடைகொடு, பகைவரை வென்று வருகிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். நான் நீளமாக ஒரு வசனம் பேசி அவருக்கு வாளை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஏழு வருஷமாக நான் எடுத்துக் கொடுத்த வசனம்தான். அடியோடு மறந்துவிட்டது.

திரையைப் பார்த்தேன். அங்கே லூர்து நோட்டைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவளும் பயத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து முதல் வரிசைவரை கேட்கிற மாதிரி அவள் குரல் வந்தது.

"எதையாவது சொல்லுளா."

நான் ராஜாவைப் பார்த்து, "போயிட்டு வெரசா வாங்க" என்றேன். அதுவரை சுத்தச் செந்தமிழில் முழங்கிக்கொண்டிருந்த ராஜா, "சரிளா, வாரேன்" என்று வாளைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆனது. அந்தக் கைதட்டல்தான் என்னை மதுரை நாடகக் கம்பெனிக்கும், அங்கிருந்து சென்னைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

வாய் என்னுடையது

சென்னையில் எனக்குக் கிடைத்த முதல் படத்தில் கதாநாயகியின் அக்கா வேஷம். நாலு காட்சி. உயிரைக் கொடுத்து நடித்தேன். படம் எங்கள் ஊருக்கு வந்தபோது தெருவே திரண்டு போய்ப் பார்த்தது. அம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் நான் வந்தேன். வாயைத் திறந்தேன். யாரோ பேசினாள்.

வழவழவென்று, சென்னைத்தனமாக, ஒரு குரல். என் பேச்சில் ஊர் வாடை அடிக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறொருத்தியைப் பேசவைத்திருக்கிறார்கள். அம்மா என் பக்கம் சாய்ந்து, "ஏளா, இது ஒன் கொரலு இல்லையே" என்றார். நான் இருட்டில் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா அந்தப் படத்தைப் பற்றி அப்புறம் ஒரு நாளும் பேசவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, இன்றைக்கும் நினைத்தால் அவமானமாகத்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் பல வருஷம் அப்படியேதான். அண்ணி, சித்தி, வில்லனின் தங்கை, வாயசைப்பது நான், பேசுவது வேறு யாரோ. டிவி சீரியல் காலம் வந்த பிறகுதான் என் குரலையே வைத்துக்கொண்டார்கள். கொடுமைக்கார மாமியாருக்கு இந்தக் குரல் எடுப்பாக இருக்கிறதாம். நல்லது, எதற்காவது இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். அந்த நாட்களில் ஊருக்கு வந்து மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால், மருமகளை அந்தப் பாடு படுத்துகிறவளுக்கு நல்ல மீன் கிடையாது என்று சொல்லி, நொந்த மீனைத் தூக்கிப் போட்ட புண்ணியவதிகள் உண்டு.

இயக்குநர் ஆனதும் ஒரு சண்டையில்தான். ஒரு படத்தில் மீனவன் பெண்டாட்டியாக நடித்தேன். கணவன் கடலுக்குப் போகும்போது மாரில் அடித்துக்கொண்டு அழச் சொன்னார் இயக்குநர். தினமும் போய்வருகிற மனுஷனுக்கு எவளாவது மாரடிப்பாளா என்று கேட்டேன். "அப்ப நீங்களே ஒரு படம் எடுங்கம்மா" என்றார். சரி என்று வந்துவிட்டேன். என் படத்தில் யாருக்கும் டப்பிங் கிடையாது, அவரவர் பேசுகிற குரல் அந்த இடத்திலேயே பதிவாகும் என்று அண்ணாச்சியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

இப்படியெல்லாம் சபதம் போட்டவள்தான், மூன்று நாளாக லூர்துவின் குரலுக்கு மேல் என் குரலை ஏற்றிவைத்திருக்கிறேன்.

மக்ரூன் கரைந்த கதை

வீட்டுக்குள் எடுத்த காட்சிகளை மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றாள் நந்தினி. சிக்கல், மறுநாள் விடியற்காலைக் காட்சிதான். தடை முடிந்து நூற்றுக்கணக்கான போட்கள் ஒன்றாகக் கிளம்பும். அந்தக் கூட்டத்தை நாங்கள் கூட்டவில்லை, எங்களால் திருப்பி அழைக்கவும் முடியாது. தெரிந்த ஒருவருடைய போட்டில் அந்தோணி அண்ணனை ஏற்றிக்கொள்ள ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் உங்களுக்காக நிற்க மாட்டோம், முறை வந்ததும் கிளம்பிவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு தடவைதான்.

"இன்ஜின் சத்தமும் கூட்டத்துச் சத்தமும் பரவாயில்ல மேடம், அது இருக்க வேண்டியதுதான். லூர்தம்மா சேலைக்குள்ள மைக் வச்சிடுவேன். ஆனா அவங்க வசனத்தையே பேசுற இன்னொரு குரல் மேல விழுந்தா பிரிச்சு எடுக்கவே முடியாது. அப்புறம் டப்பிங்தான்" என்றாள் நந்தினி.

டப்பிங் என்றால் சென்னையிலிருந்து ஒருத்தி வந்து லூர்துவுக்குப் பேசுவாள். லூர்து திரையில் வாயைத் திறப்பாள், வழவழவென்று யாரோ பேசுவாள்.

"டைரக்டரம்மா கொஞ்சம் தள்ளி நின்னா முடிஞ்சிது சோலி" என்றார் அண்ணாச்சி. நான் போய் வலைக் குவியலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். லூர்து பாதி வசனத்தில் நிறுத்திவிட்டு, தொலைத்த பிள்ளையைத் தேடுகிற மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தாள். "நீ எதுத்தாப்புல நிக்கலன்னா எனக்கு ஒண்ணும் வராது. சொல்லிட்டேன்" என்றாள்.

ஆக, நான் எதிரிலும் நிற்க வேண்டும், வாயும் அசையக் கூடாது. அசைக்க மாட்டேன் என்று மாதா மேல் ஆணையிட்டேன். ஒத்திகை பார்த்தோம். "மேடம், மூணாவது வரியில வந்துட்டீங்க" என்றாள் நந்தினி. கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன். தும்மல் வந்தது. அண்ணாச்சி எல்லோருக்கும் கொடுக்க வாங்கி வைத்திருந்த மக்ரூன் டப்பாவைத் திறந்து, "இத வாய்ல வச்சுக்கிடுங்க, பேச வராது" என்றார். தூத்துக்குடி மக்ரூன் வாயில் வைத்தால் பத்து எண்ணுவதற்குள் கரைந்துவிடும். வசனம் எட்டு வரி. இரண்டாவது வரியிலேயே நான் முந்திரி வாசனையோடு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். கேமராமேன் தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

லூர்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்குளா கண்ணக் கசக்குத?"

முதல் படத்தன்று அம்மா கேட்டதைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவளிடம்கூட அதைச் சொன்னதில்லை.  அவள் சேலையில் செருகியிருந்த வெற்றிலைப் பையைத் தட்டிக் காட்டினாள். "ஆத்தூரு வெத்தல. நாளைக்குக் காலைல வா. ஒன் வாய நான் அடைக்கேன்."

கட் சொல்ல ஆளில்லை

விடியற்காலை. கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. போட்களின் முகப்பில் மாலை போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் சும்மா இருந்த இன்ஜின்கள் ஒவ்வொன்றாக இருமி எழுந்தன. ஆட்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் கேலி பேசிக்கொண்டே தாவி ஏறினார்கள். சில வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கரைக்கு வந்து நின்றார்கள். என்ன சந்தோஷமான கூச்சல் தெரியுமா? திருவிழா மாதிரி இருந்தது.

லூர்து நாலு வெற்றிலையை ஒன்றாக மடித்தாள். நறுக்கென்று பாக்கு, சுண்ணாம்பு. "ஆ காட்டு" என்று சொல்லி என் வாய்க்குள் திணித்தாள். கன்னம் இரண்டும் புடைத்துக்கொண்டன. "துப்பவும் கூடாது, முழுங்கவும் கூடாது. கேட்டியா?" என்றாள். இயக்குநர் நான்தான் என்பது அந்த நேரம் யாருக்குமே ஞாபகமில்லை. கேமராமேன் என் கையசைப்பைப் பார்த்துக் கேமராவை ஓடவிட்டார்.

அந்தோணி அண்ணன் போட்டில் ஏறி நின்று திரும்பினார். சாக்குப் பையைத் தோளிலிருந்து இறக்கினார். அதுதான் அடையாளம். லூர்து பேச வேண்டும்.

அந்த எட்டு வரியை நான் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தேன். கடலிடம் உன்னை ஒப்படைக்கிறேன் என்று தொடங்கும். எழுதிவிட்டு நானே படித்து நானே மெச்சிக்கொண்ட வசனம்.

லூர்து வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

என்னைப் பார்த்தாள். எனக்கு முதல் வரி வெற்றிலைக்கு அடியில் நாக்கு நுனியில் நிற்கிறது. ஏழு வருஷமும் நாற்பது வருஷமும் சேர்ந்து என் உதட்டை நெம்புகிறது. வாயைத் திறந்தால் அவள் குரல் போய்விடும். திறக்காவிட்டால் காட்சி போய்விடும். போட் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நந்தினி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நான் இரண்டு கையையும் விரித்து, தோளைக் குலுக்கி, முகவாயை முன்னால் தள்ளினேன். வாய் காலியாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அவள்தானே அதை எனக்கு முதலில் சொன்னவள்.

லூர்துவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. போட் பக்கம் திரும்பினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ராத்திரிக்கு என்ன கொளம்பு வைக்க?"

ஒரு வாரமாக அடுப்பு பற்ற வைக்காதவள் கேட்கிறாள். என் எட்டு வரியும் அந்த ஒரு வரிக்கு முன்னால் நிற்குமா? அந்தோணி அண்ணன் பழைய ராஜா அல்லவா, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"மீனு நான் கொண்டாரேன். நீ புளிய மட்டும் ஊறப் போட்டு வையி."

கயிறு விழுந்தது. போட் நகர்ந்தது. கரையில் நின்ற பெண்கள் நடிப்பு என்பதை மறந்து சிரித்தார்கள். நான் "கட்" சொல்ல வேண்டும். வாய் நிறைய வெற்றிலை. நான் சொல்லாததால் கேமராமேன் நிறுத்தவில்லை. லூர்துவுக்கும் எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. போட் துறைமுக முனையைத் தாண்டித் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "எக்கா, வீட்டுல புளி இல்ல. ஒரு உருண்ட தாரியா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். அந்தப் பெண்ணும், "வா, தாரேன்" என்று கூடவே போனாள். இரண்டு பேரும் கூட்டத்தில் மறைகிறவரை கேமரா ஓடியது. படம் இப்போது அங்கேதான் முடிகிறது.

நான் மொத்தத்தையும் விழுங்கிவிட்டேன். சுண்ணாம்பு தொண்டையைச் சுட்டது. நந்தினி ஹெட்போனைக் கழற்றினாள். "ஒரு குரல்தான் மேடம்" என்றாள். அனாவசியமாக ஒரு வார்த்தை பேசாத அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். அண்ணாச்சி தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த எட்டு வரிய வேற எங்கயாவது வச்சுக்கிடலாம்லா?" என்றார். வேண்டாம் அண்ணாச்சி என்று சைகையில் சொன்னேன்.

பக்கத்து நாற்காலி

படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்த அன்று மார்க்கெட்டே வந்திருந்தது. மீன் விற்கிற பெண்கள் இரண்டு வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். லூர்து புதுச்சேலை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா இப்போது இல்லை. அந்த நாற்காலியில் அம்மா இருந்திருக்க வேண்டும் என்று அன்றைக்குப் பூராவும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் லூர்து வந்தாள். வாயைத் திறந்தாள். மீன் கூவிக் கூவிக் கரகரத்துப்போன அவள் குரல் தியேட்டர் முழுக்க எழுந்தது. பின்வரிசையில் யாரோ, "எங்க லூர்தக்கா கொரலுலா" என்று சொன்னது கேட்டது. லூர்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் தலையைக் குனியவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. அந்தோணி அண்ணன் போட்டில் திரும்பி நின்றார். சாக்குப் பையை இறக்கினார். லூர்து முந்தானையைச் செருகினாள்.

பக்கத்திலிருந்து என் விலாவில் ஒரு இடி விழுந்தது.

"ஏளா, வாய மூடு" என்றாள் லூர்து. "நான் பேசப்போறேன்."